திரும்பி வந்த குரல்கள்: 2024-இல் என் காதில் நின்ற இசை

டிசம்பர் பிறந்தால் வானொலியில் எங்களுக்குப் பட்டியல் மாதம். ஆண்டின் சிறந்த பத்துப் பாடல், சிறந்த ஜோடிப் பாடல், அதிகம் கேட்கப்பட்ட பாடல் என்று நேயர்களின் வாக்குகளை எண்ணிக்கொண்டே இருப்போம். அந்தப் பட்டியல் நேயர்களுடையது. இங்கே நான் தருவது என்னுடையது. ஒலிபரப்பு முடிந்து ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதைவிட்டுப் போகாத இசை. புதிய ஆல்பங்கள் சில, திரும்பி வந்த பழைய பாடல்கள் சில, கடைசியாகக் கடையில் எங்கும் கிடைக்காத ஒரு கேசட்.

பட்டியலை யோசிக்க வைத்தது செப்டம்பரில் வந்த ஓர் அழைப்பு. 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாடல் வெளியாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலை நிகழ்ச்சியில் அதைப் போட்டேன். ஜொகூரில் காலை நிகழ்ச்சி என்றால் நேயர்களில் பலர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் வழியில் காஸ்வே பாலத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். ஆட்டம் போட வைக்கும் பாட்டுதான் அந்த நேரத்துக்குச் சரி. பாட்டு முடிந்ததும் ரெங்கம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார்.

"ஏம்மா, இப்பப் பாடுனது நம்ம வாசுதானே?"

"ஆமாங்க ஐயா. மலேசியா வாசுதேவன் குரல்தான். அவர் பழைய பாட்டையெல்லாம் வச்சு கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்காங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "குரல் அவருதுதான். மூச்சு அவரு விட்டது இல்லியே."

அடுத்த விளம்பரத்துக்கு நேரமாகிவிட்டதால் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை ஆண்டு முழுவதும் கேட்ட இசையையெல்லாம் மறுபடி கேட்க வைத்தது.

பெயரிலேயே மலேசியா

இளைய வாசகர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. மலேசியா வாசுதேவன் 1944-இல் நம் மண்ணில், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கே நாடக மேடைகளில் பாடி நடித்துவிட்டு, சினிமா வாய்ப்புத் தேடிச் சென்னைக்குப் போனார். 1977-இல் வந்த '16 வயதினிலே' அவரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தது. 1985-இல் 'முதல் மரியாதை'யில் சிவாஜிக்காக அவர் பாடியவற்றை இன்றும் இரவு நிகழ்ச்சியில் போட்டால் வாட்ஸ்அப் நிரம்பிவிடும். ரஜினிக்கு 'முரட்டுக்காளை'யில் பாடிய அதே தொண்டையா இது என்று வியப்பாக இருக்கும். 2011 பிப்ரவரி 20-ஆம் நாள் காலமானார்.

போய்ச் சேர்ந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அனிருத் இசையில், ரஜினி ஆடும் பாட்டில் அந்தக் குரல் வருகிறது. மகன் யுகேந்திரனும் உடன் பாடியிருக்கிறார். மலையாளமும் தமிழும் கலந்த பாட்டுக்கு, மலையாளக் குடும்பத்தில் பிறந்த மலேசியக் குரல்! கேட்ட முதல் நாள் எனக்குப் புல்லரித்தது உண்மை. அதை மறைக்கப் போவதில்லை.

மூன்று படம், நான்கு குரல்

இது இந்த ஆண்டில் நடந்த ஒரே சம்பவமும் அல்ல. ஆண்டுத் தொடக்கத்தில் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடலில் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு குரல்களைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒருவர் 1997-இல் விபத்தில் மறைந்த சாகுல் ஹமீது. 'திருடா திருடா'வில் வாத்தியமே இல்லாமல், கூட்டுக்குரல்கள் மட்டும் துணைக்கு நிற்க அவர் பாடிய 'ராசாத்தி'யை யார் மறப்பார்? மற்றவர் 2022-இல் மறைந்த பம்பா பாக்யா. இருவரின் குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக ரஹ்மான் அப்போதே தெரிவித்தார்.

ஜூனில் வந்தது 'கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்'. விஜய்யோடு பாடுவது பவதாரிணி. அவர் அந்த ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள்தான் இலங்கையில் காலமாகியிருந்தார். வயது 47. தங்கை உடல் தேறியதும் இந்தப் பாட்டை அவளைப் பாட வைக்கலாம் என்று நினைத்ததாகவும், அடுத்த ஒரு மணி நேரத்தில் மரணச் செய்தி வந்ததாகவும் யுவன் சங்கர் ராஜா எழுதியிருந்தார் என்றுதான் முதலில் நிகழ்ச்சியில் படித்தேன். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பவதாரிணி யுவனுக்கு அக்கா. ஒரு நேயர் உடனே அழைத்துத் திருத்தினார். அந்தப் பாட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் எல்லாரும் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். 'பாரதி' படத்தில் மயிலைப் போன்ற பெண்ணைப் பற்றிப் பாடித் தேசிய விருது வாங்கிய குரல் அது.

இந்தத் தொழில்நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணினி வெறுமனே உட்கார்ந்து பாடிவிடுவதில்லை. பெரும்பாலும் முதலில் உயிரோடு இருக்கும் ஒரு பாடகர் முழுப் பாட்டையும் பாடுவார். மறைந்தவரின் பழைய பதிவுகளைக் கேட்டுப் பழகிய மென்பொருள், பாடியவரின் குரல் நிறத்தை எடுத்துவிட்டு மறைந்தவரின் நிறத்தைப் பூசும். எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லை அழுத்துவது, எங்கே சிரிப்பை ஒளித்து வைப்பது என்ற முடிவெல்லாம் பாடிக்கொடுத்தவருடையவை. ரெங்கத்துப் பெரியவர் படித்த படிப்பில் இது இல்லை. காதில் கண்டுபிடித்துவிட்டார்.

இந்த மூன்று பாட்டிலும் குடும்பத்தின் சம்மதமும் அன்பும் இருந்தன. எனக்கு அதில் குறையில்லை. மூன்றையும் நிகழ்ச்சியில் போட்டேன், இனியும் போடுவேன். ஆனால் என் பட்டியலில் இவற்றைத் 'திரும்பி வந்தவை' என்ற தலைப்பில் சேர்க்க மனம் வரவில்லை. இவை புதுப் பாட்டுகள்.

உண்மையிலேயே திரும்பியவை

பிப்ரவரியில் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்தது. கொடைக்கானல் குணா குகையில் விழுந்த நண்பனை மீட்கும் கதை. அதன் உச்சக்கட்டத்தில் 1991-இல் வந்த 'குணா'வின் 'கண்மணி' பாட்டு ஒலிக்கிறது. அதே பழைய ஒலிப்பதிவு, அதே கமல், அதே ஜானகி அம்மா. காதலிக்கு எழுதிய கடிதம், முப்பத்து மூன்று ஆண்டு கழித்து நண்பர்களின் பாட்டாகிவிட்டது. ஜொகூர் பாருவில் நான் பார்த்த காட்சியில் 'குணா' வந்தபோது பிறக்காத பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மே மாதத்தில், அனுமதி பெறவில்லை என்று இளையராஜா தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும், உரிமை வைத்திருந்த நிறுவனங்களிடம் வாங்கினோம் என்று தயாரிப்பாளர்கள் பதில் சொன்னதும் நீங்கள் அறிந்த கதை. ஒரு பழைய பாட்டு யாருடையது என்ற கேள்விக்கு நம்மிடம் இன்னும் நேரான பதில் இல்லை.

செப்டம்பரில் 'லப்பர் பந்து'. கெத்து தினேஷ் மட்டையோடு இறங்கும்போதெல்லாம், 1989-இல் விஜயகாந்த் நடித்த 'பொன்மனச் செல்வன்' படத்தின் 'பொட்டு வச்ச' பாட்டு. விஜயகாந்த் 2023 டிசம்பர் 28-இல் மறைந்து ஒன்பது மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அவருக்கு எத்தனையோ அஞ்சலிக் கூட்டங்கள் நடந்தன. எதுவும் இந்தப் பாட்டின் அளவுக்கு மனசைத் தொடவில்லை. பங்குனித் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பெரியப்பாவைத் திடீரென்று பார்த்ததுபோல இருந்தது. அதன் பிறகு இரண்டு மாதம், நான் போன கல்யாணங்களிலெல்லாம் மாப்பிள்ளை இந்தப் பாட்டுக்குத்தான் மண்டபத்துக்குள் நுழைந்தார்.

ஏப்ரலில் 'கில்லி' புதுப்பித்த பிரதியாகத் திரையரங்குக்கு வந்தது. இருபது ஆண்டுக்கு முந்தைய வித்யாசாகரின் தாளத்துக்கு அரங்கே ஆடியது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், நீங்களும் ஆடியிருப்பீர்கள்.

இவை எல்லாவற்றிலும் ஒன்றைக் கவனியுங்கள். நம் பாட்டு திரும்பி வர வேண்டுமென்றால் ஒரு படம் அதைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மேல்நாட்டில் 'மறுவெளியீடு' என்று தனியாக ஒரு வேலையே நடக்கிறது. பழைய மூல நாடாவைத் தேடி எடுத்து, சுத்தம் செய்து, யார் கிட்டார் வாசித்தார், எந்த ஸ்டூடியோ, எந்த ஆண்டு என்று சிறு புத்தகமும் அச்சிட்டு இசைத்தட்டாகப் போடுவார்கள். 1977 முதல் 1983 வரை இளையராஜா செய்த மின்னணு ஒலிப் பாட்டுகளைத் தொகுத்து 2011-இல் 'சொல்ல சொல்ல' என்ற பெயரில் இசைத்தட்டு வெளியிட்டது யார் தெரியுமா? பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம். நம் வீட்டுப் பாத்திரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் துலக்கிக் கொடுத்த மாதிரி. நன்றிதான். கூச்சமாகவும் இருக்கிறது.

இந்த ஆண்டின் புதிய ஆல்பங்கள்

முதல் இடம், அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி'. 2021-இல் 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடியபோது, அந்தப் பாட்டில் வந்த பாட்டி யார் என்று பலர் கேட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பிய வள்ளியம்மாள் அவர். பேரன் தன் ஆல்பத்துக்குப் பாட்டியின் பெயரையே வைத்துவிட்டார். சினிமா இல்லை, கதாநாயகன் இல்லை. பறையும் ராப்பும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் வரலாறு. தேயிலைக்குப் பதிலாகக் கித்தா மரம் என்று வைத்துக்கொண்டால் நம் பாட்டிகளின் கதையும் அதுதானே. கூலாயிலும் லாபிஸிலும் லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள் இதை ஒருமுறை முழுசாகக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, 'மெய்யழகன்'. கோவிந்த் வசந்தாவின் இசை. சொந்த ஊரைவிட்டுப் போனவன் ஓர் இரவுக்குத் திரும்பி வருகிறான், அவ்வளவுதான் கதை. கமல்ஹாசன் பாடிய பாட்டில் அவருடைய குரலின் வயது தெரிகிறது. நடுங்குகிற இடத்தில் நடுங்குகிறது. யாரும் அதைச் சரிசெய்யவில்லை. செய்யாததுதான் அழகு.

மூன்றாவது, 'வாழை'. மாரி செல்வராஜ் தன் பிள்ளைப் பருவத்திலிருந்து எடுத்த படம். பள்ளிக்கூடம் போகும் வயதில் வாழைத்தார் சுமக்கும் சிறுவன். சந்தோஷ் நாராயணன் இசையில் தீ பாடிய 'தென்கிழக்கு' என்னை விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஸ்டூடியோவில் உட்கார்ந்து அழ வைத்தது. அன்று நான் அறிவித்த நேரத்தில் ஏதோ பிசிறு இருந்ததாக நேயர் ஒருவர் எழுதினார். இதுதான் காரணம்.

'தங்கலான்', 'அமரன்' இரண்டிலும் ஜி.வி. பிரகாஷ் ஒரே ஆண்டில் இரண்டு வேறு மனிதர்போலத் தெரிந்தார். 'ராயன்' காருக்குள் சத்தமாகக் கேட்க. இவற்றை நான் சொல்லாமலே நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

நம் ஊர்ப் பாட்டு?

இந்த இடத்தில் எனக்கே குற்ற உணர்வு வந்தது. மலேசியத் தமிழ் நாளிதழில் எழுதுகிறேன். திரும்பி வந்த பாட்டுகளில் மலேசியப் பாட்டு ஒன்றுகூட இல்லையே?

நம்மிடம் சரக்கு இல்லாமல் இல்லை. 1998-இல் பொயட்டிக் அம்மோ ஒரே ஆல்பத்தில் ஆங்கிலமும் மலாயும் தமிழும் கலந்து ராப் செய்தார்கள். 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' வந்தது. சென்னைப் பிள்ளைகளே தமிழ் ராப் என்றால் என்ன என்பதை அந்த ஆல்பத்தில்தான் கற்றுக்கொண்டார்கள் என்றால் மிகையில்லை. அதற்கும் முன்னால் டார்க்கி நாகராஜா போன்றவர்கள் உள்ளூர்ப் பாட்டு என்ற ஒன்றை நிலைநிறுத்தினார்கள். பதின்ம வயதில் பசார் மாலாமில் கேசட் வாங்கிக் கேட்டவள் நான். 'வல்லவன்' 2026-இல் இருபது ஆண்டைத் தொடும். அதற்குள் யாராவது மூல ஒலிப்பதிவைத் தேடி எடுத்து, பின்னணிக் கதையோடு நல்ல இசைத்தட்டாகப் போட வேண்டும் என்பது என் ஆசை.

தொழிலில் சேர்ந்த புதிதில் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், நேயர் ஒருவர் 80-களின் உள்ளூர்ப் பாட்டு ஒன்றைக் கேட்டார். தேடினேன். புதிய கணினி வந்தபோது பழைய நாடாக்களைப் பெட்டியில் போட்டுவைத்ததாகவும், கூரை ஒழுகி எல்லாம் நனைந்துவிட்டதாகவும் சொன்னார்கள். தமிழ்நாட்டுப் படப் பாட்டு நனைந்தால் இன்னொரு பிரதி எங்காவது இருக்கும். நம் பாட்டு நனைந்தால் நனைந்ததுதான்.

ரெங்கத்துக் கேசட்

நவம்பரில் அந்தப் பெரியவர் மறுபடி அழைத்தார், நிகழ்ச்சிக்கு அல்ல, அலுவலக எண்ணுக்கு. "ஏம்மா, எங்கிட்ட ஒரு கேசட் இருக்கு. போட்டுக் கேக்க ரேடியோ இல்ல. உங்க இடத்துல இருக்குமா?" ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன்.

ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்களும் உடைபட்டபின் மலிவு வீட்டுத் தாமானுக்கு வந்திருக்கிறார். மனைவி இறந்து ஆறு ஆண்டு. பிளாஸ்டிக் பையைப் பிரித்து எடுத்தார். கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு ஓட்டைகளை செல்லோடேப் போட்டு மூடியிருந்தது. கேசட் காலத்து ஆட்களுக்குப் புரியும்: ஓட்டையை மூடினால் அதன்மேல் புதிதாகப் பதிவு செய்யலாம்.

நம் ஊர் ஈரத்தில் கேசட்டுக்கு முதல் எதிரி பூஞ்சணம். நாடாச் சுருளில் வெள்ளைப் பொடி படர்ந்திருந்தது. அப்படியே ஓட்டினால் நாடாவும் போகும், பிளேயரின் ஹெட்டும் போகும். பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்தேன். நாடாவை அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சு உதிர்ந்திருந்தது. அது இல்லையென்றால் சத்தம் மங்கிவிடும். நல்ல நாடாவை வேறொரு கேசட் கூட்டுக்குள் மாற்றினேன். ஹெட்டை ஆல்கஹாலில் துடைத்து, ஒரு தடவை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, லேப்டாப்பில் பதிவு செய்தேன். ஒரு பக்கம் முப்பது நிமிடம்.

1987, தோட்டத்துத் தீபாவளி நிகழ்ச்சி. மைக் கிறீச்சிடுகிறது. மண்டோர் வாழ்த்துரை சொல்கிறார். இளைஞர்களின் இசைக்குழு சினிமாப் பாட்டு வாசிக்கிறது. கீபோர்டு ஒருபக்கம் போக, டிரம்ஸ் இன்னொரு பக்கம் போகிறது. பிறகு ஒரு பெண் பாடுகிறார். சினிமாப் பாட்டு இல்லை. தாலாட்டு. மங்கும், பால் வாளியும், விடியாத பெரட்டுக் களமும் அதில் வருகின்றன. நடுவில் பாட்டை நிறுத்தி, "டேய், ஒயரை மிதிக்காத" என்று அதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சுருதி மாறாமல் தொடர்கிறார்.

பெரியவர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அது அவர் மனைவி.

முடிந்ததும் கேட்டார்: "வாசுவப் பாட வச்ச மாதிரி இவளையும் பேச வைக்க முடியுமாம்மா?"

முடியும் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் கொஞ்ச நேரப் பதிவே போதும். சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேணாம். அவ சொல்லாதத எல்லாம் சொல்லும். அந்த ஒயர் மிதிக்காதன்னு சொன்னாளே, அதை மட்டும் இன்னொரு தடவ போடு" என்றார்.

போட்டேன். ஐந்தாறு தடவை.

என் 2024 பட்டியலில் முதல் இடம் அந்த முப்பது நிமிடத்துக்குத்தான். வானொலியில் அதை ஒலிபரப்ப அவர் சம்மதிக்கவில்லை. அது அவருடைய உரிமை. ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், பிஸ்கட் டின்னுக்குள், இப்படிக் கேசட் இருக்கும். தோட்டத்துத் திருவிழா, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா, அப்பாவின் இசைக்குழு. தூக்கிப் போடாதீர்கள். நல்ல பிளேயர் கிடைக்கும்வரை ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில், நிமிர்த்தி வையுங்கள். பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி உள்ளே செருகுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே எழுதுங்கள்.

ரெங்கத்துக் கேசட்டுக்கு 37 ஆண்டுகள் ஒரே பிரதிதான் இருந்தது. இப்போது மூன்று கூடியிருக்கிறது. என் லேப்டாப்பில் ஒன்று. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகளின் கைத்தொலைபேசியில் ஒன்று. பெரியவரின் சட்டைப் பையில் ஒரு பென்டிரைவ். அதில் ஒட்டிய துண்டுத் தாளில் அவரே மனைவியின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.